அட்டை மூடிய கிளாஸ்

நாலு வருஷமாக என் மகன் மார்ட்டின் என் கையால் ஒரு கிளாஸ் பீர் வாங்கிக் குடிக்கவில்லை.

ஆரம்பித்தது ஒரு அடக்கத்தன்று. அவன் அம்மா, என் மனைவி ஐரீனை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் பப்புக்குப் போனோம். நான் எல்லாருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கினேன். தட்டில் வைத்து நானே கொண்டு வந்து கொடுத்தேன். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மார்ட்டின் மட்டும் தன் கிளாஸை என் பக்கம் தள்ளினான். எழுந்து போய்த் தனியாக ஒன்று வாங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று குடித்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் எங்கள் ஊர் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒருவன் உங்கள் மூக்கில் குத்தினால் மறு வாரம் அவனோடு பேசிவிடலாம். நீங்கள் வாங்கிக் கொடுத்த கிளாஸைத் தள்ளினால் பேச முடியாது.

அவனுக்கு என்ன கோபம்? ஃபைலி கடற்கரையில் எங்களுக்கு ஒரு கேரவன் வீடு இருந்தது. ஐரீன் செத்த அதே வாரம் அதை நான் விற்றுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. என் வீடு, நான் விற்றேன். இன்றும் அதையே சொல்வேன். கதவைத் திறந்தால் அவள் செருப்பு கிடந்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் லொரெய்ன் போன் பண்ணினாள்.

"அப்பா, செவ்வாய்க்கிழமை மத்தியானம் மார்ட்டின் வர்றான். லீட்ஸ்லேருந்து ரயில்ல. நீங்க எப்பவும் உட்கார்ற அந்தப் பெரிய பப்புக்கு."

"எதுக்காம்?"

"எதுக்குன்னு கேட்காதீங்க. வாயை மூடிக்கிட்டு உட்காருங்க, போதும்."

"அங்க எதுக்கு? வீட்டுக்கு வரச் சொல்லு."

"வீட்டுல ரெண்டு பேரும் கத்துவீங்க. அங்க கூட்டம் இருக்கும்."

இதோ செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. சவரம் பண்ணினேன். சரியில்லை என்று மறுபடியும் பண்ணினேன். கெட்டிலைப் போட்டேன், தேநீர் போடாமல் வெளியே கிளம்பிவிட்டேன். பாதி வழியில் வீட்டைப் பூட்டினேனா என்று திரும்பிப் போனேன். பூட்டித்தான் இருந்தது.

பப்புக்குள் நுழையும்போது கடிகாரத்தில் நிறைய நேரம் மிச்சம் இருந்தது.

நாடெங்கும் கிளை வைத்திருக்கிற கம்பெனியின் பப் அது. கடைத்தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு முன்பு அந்தக் கட்டடம் வேலையில்லாதவர்கள் கையெழுத்துப் போடும் அரசாங்க ஆபீஸ். கூரைக்கு ஓடு போடுகிற வேலை கிடைக்காத வருஷங்களில் நானும் அங்கே வரிசையில் நின்றிருக்கிறேன். இப்போது அதே பக்கம் கவுண்டர், அதே பக்கம் நான். அப்போது கேட்டது கிடைக்காது. இப்போது கிடைக்கிறது. அது ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் கம்பெனியை நான் நம்பவில்லை, தரைவிரிப்பில் அத்தனை பூ போடுகிறவன் எதையோ மறைக்கிறான். ஆனால் பீப்பாய் பீரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

என் மேசை இருபத்தாறு. முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு வாசல். பக்கத்தில் ஒரு தடித்த தூண்.

என் கூட்டாளி டெஸ்மண்ட் முன்பே வந்திருந்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"யோவ் லென், என்னய்யா, மாப்பிள்ளை மாதிரி சட்டை?"

"உன் வேலையைப் பாரு."

"காதுக்குக் கீழ ரத்தம் வேற. ரெண்டு தடவை சவரம் பண்ணியா? பொண்ணு யாரு?"

"மார்ட்டின் வர்றான்."

டெஸ்மண்ட் கிளாஸைக் கீழே வைத்தான். அவனும் அன்றைக்கு அடக்கத்தில் இருந்தவன்.

"அப்ப கையில ஒண்ணும் இல்லாம உட்கார்ந்திருக்கியே. தொண்டை நனைச்சுக்கோ."

"அவன் வரட்டும். ரெண்டா வாங்கணும். ஒண்ணை நான் குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தா அவனுக்குத் தனியா வாங்கின மாதிரி ஆயிடும்."

"அவன் வேணாம்னா?"

 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை தள்ளினான் என்றால் அத்தோடு முடிந்தது. எனக்கு எழுபத்தொன்பது வயது. மூன்றாவது தடவை வாங்கிக் கொடுக்க நாளிருக்குமா, தெரியாது.

எழுந்து கவுண்டர் வரை போனேன். வாங்க அல்ல, சும்மா பார்க்க. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கவுண்டருக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நின்றார்கள். பப்பில் வரிசையா? யார் முன்னால் வந்தது என்று அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். நான் பக்கவாட்டில் போய், பீப்பாயிலிருந்து பீர் இழுக்கிற கைப்பம்புகளைப் பார்த்தேன். நான் குடிக்கிற கறுப்பு பீர், மைல்ட், இருந்தது. மார்ட்டின் குடிக்கிற பிட்டர் பீரும் இருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் கெய்ட்லின். பேத்தி வயது. இந்த ஊரில் எல்லாரையும் போல அவளும் யாரைப் பார்த்தாலும் 'கண்ணு' என்பாள்.

"என்ன வேணும் கண்ணு?"

"இப்ப ஒண்ணும் வேணாம். மைல்ட் எவ்வளவு இருக்கு?"

"பீப்பாய் அடியில கொஞ்சம்தான். சீக்கிரம் சொல்லிடு."

"பிட்டர்?"

"நேத்து ராத்திரிதான் புதுசு திறந்தோம்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். வாசலைப் பார்த்தேன். ஒரு மழைக்கோட்டு வந்தது, அவன் இல்லை. ஒரு தொப்பி வந்தது, அவன் இல்லை. தூணுக்கு அந்தப் பக்கம் ஏதோ குழந்தை கரண்டியால் மேசையை அடித்துக்கொண்டே இருந்தது. டங், டங், டங். தலைக்குள் ஆணி இறங்குகிற மாதிரி.

"பப்புக்கு எதுக்குய்யா குழந்தைங்களைத் தூக்கிட்டு வர்றாங்க? யாராவது அந்தக் கரண்டியைப் பிடுங்குங்க!"

"லென், கொஞ்சம் மெதுவாப் பேசு" என்றான் டெஸ்மண்ட்.

"நான் மெதுவாத்தான் பேசறேன்!"

அப்போதுதான் ஒரு பையன் தட்டில் ஒரு பைண்ட் கிளாஸ் நிறைய மைல்ட் கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். கறுப்பு. மேலே இரண்டு விரல் நுரை, வெண்ணெய் மாதிரி.

"இருபத்தாறு. மைல்ட்."

"நான் சொல்லலையே."

"ஆர்டர் போன் ஆப்ல வந்துச்சுங்க."

"எங்கிட்ட அந்த மாதிரி போனே இல்லை. யாரு அனுப்பினது?"

"பேரு வராதுங்க. மேசை நம்பரும் சரக்கும்தான் வரும். எங்கேருந்து வேணாலும் யாரு வேணாலும் அனுப்பலாம். காசு கட்டியாச்சு."

நான் டெஸ்மண்டைப் பார்த்தேன். "நீயா?"

"நானா? உனக்கா? இருபது வருஷமா எனக்கு நீ பாக்கி."

எனக்குப் பிடிக்கவில்லை. என் மேசை யாருக்கோ தெரிந்திருக்கிறது. என் சரக்கு யாருக்கோ தெரிந்திருக்கிறது. ஆளைக் காணோம். கம்பெனிக்காரனே அனுப்பிவிட்டு நாளைக்கு வேறு எதிலோ மாட்டிவிடுவான், அந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கிறேன்! மனுஷன் பீர் வாங்கிக் கொடுப்பதென்றால் கவுண்டரில் நின்று, இரண்டு கையால் தூக்கிக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்து, முகத்தைப் பார்த்து வைக்கணும். இது என்ன வழக்கம்?

"எடுத்துட்டுப் போ" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "மூஞ்சியைக் காட்டத் தைரியம் இல்லாதவன் வாங்கிக் கொடுத்தது எனக்கு வேணாம். அனுப்பினவனையே குடிக்கச் சொல்லு!"

பையன் விழித்தான். டெஸ்மண்ட் "லென், லென்" என்றான். நான் கிளாஸைத் தட்டின் பக்கம் தள்ளினேன். நுரை கொஞ்சம் மேசையில் வழிந்தது. பையன் எடுத்துக்கொண்டு போனான்.

தூணுக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. நல்லவேளை என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் லொரெய்ன் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக. தலையில் இன்னும் வலைத்தொப்பி, தோளெல்லாம் மழை. வந்தவள் உட்காரவில்லை. மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க அது?"

"எது?"

"மைல்ட். வந்திருக்கணுமே. குடிச்சிட்டீங்களா?"



"திருப்பி அனுப்பிட்டேன்" என்றேன்.

லொரெய்ன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா. அது மார்ட்டின் அனுப்பினது."

டெஸ்மண்ட் தன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டான்.

"அவன் காலையிலேயே வந்துட்டான்" என்றாள் லொரெய்ன். "நேரா வந்து உங்க முன்னால நிக்க அவனுக்குப் பயம். முதல்ல ஒரு கிளாஸ் அனுப்பறேன், அப்பா எடுத்து ஒரு வாய் குடிச்சார்னா எந்திரிச்சு வர்றேன்னான். மேசை நம்பர் சொன்னது நான்தான். சரின்னு சொன்னதும் நான்தான். நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு..."

"பேரு வரலையே! யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு மைல்ட் வாங்கிக் கொடுக்க இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

அது சரிதான். 

"எங்க உட்கார்ந்திருந்தான்?"

அவள் கண் தூண் பக்கம் போய்விட்டு உடனே திரும்பியது. நான் எழுந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்தாள். சமையலறைக் கை, இரும்பு மாதிரி.

"இப்ப அங்க இல்லை. பின்னால முற்றத்துக்குப் போயிட்டான். நான் வர்றப்போதான் எனக்கு மெசேஜ் வந்துச்சு. 'அப்பா கத்தினதைக் கேட்டேன். போதும்'னு."

"நான் போய்ச் சொல்றேன்."

"நீங்க போக வேணாம். நீங்க ஆரம்பிக்கிறது 'ஸாரி'ல இருக்கும், முடிக்கிறது கேரவன்ல இருக்கும். நான் பேசறேன். நீங்க இங்கேயே இருங்க. டெஸ்மண்ட், இவரைப் பிடிச்சு வைங்க."

"பஸ்ஸை நிறுத்தியிருக்கேன், இவனை நிறுத்தினதில்லை" என்றான் டெஸ்மண்ட்.

அவள் முற்றத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு ஆடி ஆடி நின்றது.

நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். அன்றைக்கு அவன் தள்ளியது என்னை. இன்றைக்கு நான் தள்ளியது அவனை. அதுவும் பப் முழுக்கக் கேட்கிற மாதிரி. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், வேறென்ன.

நேராகக் கவுண்டருக்குப் போனேன். பிள்ளைகளின் வரிசையை ஒதுக்கிவிட்டுக் கையை ஊன்றினேன். மைல்ட் பம்பின் பெயர்த்தகட்டை முதுகு தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தார்கள். பீப்பாய் காலி.

"கெய்ட்லின், நான் திருப்பி அனுப்பின அந்த மைல்ட் எங்க?"

அவள் பின்பக்கம் காட்டினாள். அலமாரி ஓரத்தில், கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்றது.

"மேனேஜர் பார்த்து எழுதினாத்தான் கொட்ட முடியும். வீணாப் போறதுக்கெல்லாம் கணக்கு கேட்பாங்க."

"அதைக் கொடு."

"கண்ணு, நுரை செத்துப் போச்சு. சூடாவும் ஆயிடுச்சு. வேற பீப்பாய் இல்லை, ஆனா அந்த ஸ்டவுட்னு ஒரு கறுப்பு பீர் நல்லாருக்கும், அதை ஊத்தித் தரேன்."

"எனக்கு அதுதான் வேணும். அது எனக்கு வாங்கினது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எடுத்து என் முன்னால் வைத்தாள்.

குடித்தேன். நின்றபடியே. மைல்ட் சப்பென்று இருந்தது, வெயிலில் வைத்த தேநீர் மாதிரி. நல்ல பீராக இருந்தால் நிறுத்தி நிறுத்திக் குடிப்பேன். இதை நிறுத்தினால் மறுபடி வாயில் வைக்க முடியாது என்று கடைசிச் சொட்டு வரை இறக்கினேன். முற்றத்துக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அங்கிருந்து யாராவது பார்த்தார்களா, எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப ஒரு பிட்டர்" என்றேன். "ஒரு பைண்ட். மெதுவா இழு. நுரை இறுக்கமா இருக்கணும். வழிஞ்சா துடைக்காதே, மேலே ஊத்து."

கெய்ட்லின் பம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். பீர் பால் மாதிரிக் கலங்கி வந்து, அடியிலிருந்து தெளிந்து மேலே ஏறியது. விளிம்பு வரை நிரப்பினாள். நான் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நடந்தேன். கூரைச் சரிவில் ஓடு சுமந்து நடந்தவன் நான். ஒவ்வொரு அடியாக வைத்தேன். சிந்தவில்லை.

மேசை இருபத்தாறில், என் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம், அதை வைத்தேன். கிளாஸுக்கு அடியில் போடுகிற காகித அட்டை ஒன்றை எடுத்துக் கிளாஸின் வாயை மூடினேன்.

அட்டை மூடிய கிளாஸை எங்கள் பக்கம் எவனும் தொடமாட்டான். கிளாஸ் பொறுக்குகிற பையன் தொடமாட்டான், குடிகாரன் தொடமாட்டான். இதற்கு ஒரு ஆள் இருக்கிறான், வருவான் என்று அர்த்தம்.

"எங்க போற?" என்றான் டெஸ்மண்ட்.

"மேலே. ஒண்ணுக்கு."

"இப்பவா?"

"நான் இங்க உட்கார்ந்திருந்தா அவன் வரமாட்டான். நீயும் அந்தப் பக்கம் போய் உட்காரு. யாரும் பார்க்க வேணாம். பார்த்தா அவனுக்கு வீம்பு வந்துடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வரும்."

கழிப்பறை இரண்டு மாடி ஏறிப் போகணும். லிஃப்ட் இருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும். எனக்கு லிஃப்ட் மேல் நம்பிக்கை கிடையாது, கதவு மூடினால் திறக்குமா என்று யார் சொல்ல முடியும்? முட்டி கத்த கத்தப் படியில் ஏறினேன். மேலே போய் எனக்கு ஒன்றும் வரவில்லை. கை கழுவினேன். மறுபடி கழுவினேன். மாடி ஜன்னலில் நின்று கடைத்தெருவைப் பார்த்தேன். ரயில் நிலையம் போகிற பாதை அதுதான். நீலக் கோட்டு ஒருவன் குடையில்லாமல் வேகமாகப் போனான். நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அவன் இல்லை. இன்னொருவன். அவனும் இல்லை. ஒவ்வொருவனும் அவன் இல்லை என்று தெரிகிறபோது மூச்சு வந்தது, அடுத்தவனைக் கண்டதும் நின்றது.

இதற்கு மேல் முடியாது என்று இறங்கினேன். இறங்குவது ஏறுவதைவிட மோசம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, தள்ளிவிட்ட கிளாஸ் ஒன்று மேசை நடுவில் நுரை செத்து நிற்பதை மனசில் பார்த்துக்கொண்டே வந்தேன். நின்றால் என்ன செய்வேன்? நானே குடிப்பேன். அதுவும் இறங்கும்.

கீழே லொரெய்ன் டெஸ்மண்டின் மேசையில் உட்கார்ந்திருந்தாள். வலைத்தொப்பி கையில் கசங்கிக் கிடந்தது. கண் சிவந்திருந்தது. நல்லதற்கா கெட்டதற்கா என்று அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

நான் என் மேசையைப் பார்த்தேன்.

கிளாஸ் அங்கேயே இருந்தது. அட்டையும் மேலேயே இருந்தது.

என் கால் நின்றுவிட்டது. தொடவில்லை. போய்விட்டான்.

பிறகு ஒரு அடி கிட்டே போனேன். பாதிதான் இருந்தது.

கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உட்பக்கம் நுரை வளையம் விட்டிருந்தது. ஒரு வாய்க்கு ஒரு வளையம் விழும். இரண்டே வளையம், நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த வாய் எனக்குத் தெரியும். சின்ன வயதில் பால் கிளாஸையும் இப்படித்தான் இறக்குவான், ஐரீன் முதுகில் தட்டிக்கொண்டே நிற்பாள்.

குடித்திருக்கிறான். குடித்துவிட்டு மறுபடி அட்டையால் மூடியிருக்கிறான். வருவேன் என்று.

அப்போதுதான் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். ஒரு சின்ன கிளாஸ். பிளாஸ்டிக். உள்ளே கறுப்புத் திராட்சை ஜூஸ், அதுவும் பாதி. கடித்துச் சப்பையான ஸ்ட்ரா மேசையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு கரண்டி. அந்தக் கிளாஸின் வாயிலும் ஒரு அட்டை, கோணலாக, பிசுபிசுவென்று, சின்ன விரல்கள் அழுத்தி வைத்த மாதிரி.

நான் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லொரெய்ன்."

"என்னைக் கேட்காதீங்க."

"இது யாருது?"

"என்னைக் கேட்காதீங்கன்னேன்ல. அவன்தான் சொல்லணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

"எத்தனை வயசு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு மூன்று விரலைக் காட்டினாள். 

மூன்று. பேச்சில்லாத நாலு வருஷத்தில், என் பேரக்குழந்தைக்கு மூன்று. நான் கரண்டியைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினேனே.

"எங்க போனாங்க?"

"மேலே. அவசரம்னு துள்ள ஆரம்பிச்சிடுச்சு. படியேற முடியாதுன்னு லிஃப்ட்ல தூக்கிட்டு ஓடினான். நீங்க படியில நின்னு நின்னு இறங்கிட்டிருக்கும்போது."

நான் சுவர்ப்பக்கம் போய் என் நாற்காலியை இழுத்தேன். எத்தனையோ வருஷமாக வாசலைப் பார்த்தே கிடந்த நாற்காலி. அதை லிஃப்ட் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

கிளாஸ் பொறுக்குகிற பையன் தட்டோடு வந்தான். சின்ன கிளாஸிலிருந்த கோணல் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சதுங்களா?" என்றான்.

"தொடாதே" என்றேன். இரண்டு கிளாஸையும் கையால் அணைத்துக்கொண்டேன். "ஆள் இருக்கு."

லிஃப்ட் கதவுக்கு மேலே சிவப்பு எண் இரண்டில் நின்றிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது ஒன்றுக்கு மாறியது.